ஸ்வீட் பீ: பூ ஏன் தாமதமானது, மணம் ஏன் வரவில்லை

கோத்தகிரியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். மகள் இங்கிலாந்திலிருந்து வந்தபோது வாங்கி வந்த ஸ்வீட் பீ விதையை அக்டோபரில் விதைத்தீர்கள். பொட்டலத்தில் ‘ஸ்பென்சர் கலவை’ என்று போட்டிருந்தது. பாதி முளைக்கவில்லை. முளைத்தது வேலி முழுக்கப் படர்ந்ததே தவிர, ஏப்ரல் வரை ஒரு மொட்டுகூட இல்லை. பூத்த பிறகும், மகள் வீட்டில் கூடமெல்லாம் நிறைந்திருந்த அந்த வாசனை இல்லை. இப்போது பட்டாணி போலவே காய் பிடித்திருக்கிறது, அதைச் சமைக்கலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். சமைக்கக் கூடாது. பச்சையாகவும் தின்னக் கூடாது. பிள்ளைகள் காயைப் பறித்து விளையாடும் இடமாக இருந்தால், தின்னக் கூடாதென்று அவர்களிடம் சொல்லி வையுங்கள். நாம் சாப்பிடும் பட்டாணியும் இதுவும் ஒரே குடும்பம்தான், ஆனால் பேரினம் வேறு. ஸ்வீட் பீயின் தாவரவியல் பெயர் லத்திரஸ் ஓடோரேட்டஸ். இதன் விதையில் இருக்கும் நச்சுப் பொருள், பீட்டா அமினோ புரோப்பியோ நைட்ரைல் என்பதை உடலில் சேர்க்கிறது. எலும்புக்கும் ரத்தக்குழாய்ச் சுவருக்கும் உறுதி தரும் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று பிணைவதை அது தடுக்கிறது. இந்த விதையைத் தொடர்ந்து தின்ற எலிகளுக்கு முதுகெலும்பு வளைந்தது, பெருந்தமனி வெடித்தது. வடக்கே வறட்சிக் காலத்தில் ஏழைகள் சாப்பிட்டுக் கால் விளங்காமல் போன கேசரிப் பருப்பைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது இந்தச் செடியின் நெருங்கிய சொந்தம், லத்திரஸ் சட்டைவஸ். அதில் இருக்கும் நஞ்சு வேறு, அது நரம்பைத் தாக்கும். அந்தப் பருப்பை விற்க இந்தியாவில் 1961-ல் தடை வந்தது. ஆக, இந்தக் காய் சமையலறைக்குப் போக வேண்டாம். ஓரிரு விதையை ஒரு குழந்தை தெரியாமல் விழுங்கிவிட்டால் பெரிய ஆபத்து நேர வாய்ப்பில்லை, இருந்தாலும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, பூவுக்கு வருவோம். உங்கள் கைப்பக்குவத்தில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கிடைத்த ரகம் உங்கள் ஊருக்குச் சரியானதில்லை, விதைத்த மாதமும் சரியில்லை. மணம் கிடைக்காததற்குக் காரணமும் அந்த ரகம்தான். இந்தச் செடியில் எல்லாமே ரகத்தைப் பொறுத்தது. உரம், தண்ணீர் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

தாமதத்துக்குக் காரணம் பகல் நீளம். ஸ்வீட் பீயில் மூன்று கூட்டம் உண்டு. தோராயமாகச் சொன்னால், குளிர்காலக் கூட்டம் பகல் 10 மணி நேரம் இருந்தாலே பூக்கத் தொடங்கும். வசந்தகாலக் கூட்டத்துக்கு 11 மணி நேரம் வேண்டும். கோடைக்காலக் கூட்டத்துக்கு 12 மணி நேரமாவது வேண்டும். ஸ்பென்சர் ரகங்கள் கோடைக்காலக் கூட்டம். இங்கிலாந்தில் இதனால் ஒரு தொல்லையும் இல்லை. அங்கே டிசம்பரில் 8 மணி நேரமாகச் சுருங்கும் பகல் ஜூனில் 16 மணி நேரத்துக்கு மேல் நீள்வதால், செடிக்குச் சேதி தெளிவாகப் போய்ச் சேருகிறது. நீலகிரி 11 பாகை அட்சரேகையில் இருக்கிறது. நமக்கு மிகக் குறுகிய பகலே சுமார் பதினொன்றரை மணி நேரம், மிக நீண்ட பகல் பன்னிரண்டே முக்கால். மார்ச்சில்தான் நம் பகல் 12 மணி நேரத்தைத் தாண்டுகிறது. அதன் பிறகு மொட்டு உருவாகி, காம்பு நீண்டு, பூ விரிய சில வாரங்கள். கணக்குப் போட்டால் சரியாக ஏப்ரல் வருகிறது. அக்டோபரிலேயே விதைத்ததால் உங்களுக்குக் கிடைத்தது ஐந்து மாத இலையும் தண்டும்தான்.

பாதி முளைக்காததற்கு வடகிழக்குப் பருவமழைதான் காரணமாக இருக்க வேண்டும். ஊட்டியைவிடக் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அக்டோபர், நவம்பரில் மழை அதிகம். ஊறிய மண்ணில் இந்த விதை முளைப்பதற்கு முன்பே அழுகிவிடும்.

அப்புறம் மணம். இதற்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். கதை தெரிந்தால்தான் அடுத்த முறை எந்தப் பொட்டலத்தைக் கேட்பது என்று தெரியும்.

இந்தப் பூவின் தாய்வீடு சிசிலித் தீவும் இத்தாலியின் தென்பகுதியும். பலேர்மோ பக்கத்தில் பிரான்செஸ்கோ குப்பானி என்ற பிரான்சிஸ்கன் துறவி, தாவரங்களை ஆராய்ந்தவர், 1690களில் இதைப் பதிவு செய்தார். 1699-ல் லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் இருந்த பள்ளி ஆசிரியர் ராபர்ட் உவெடேலுக்கு விதை அனுப்பினார். உவெடேல் அபூர்வச் செடிகளைத் தேடிச் சேர்த்தவர். அன்று போன செடி பார்க்க எளிமையானது. காம்பு குட்டை, காம்புக்கு இரண்டு மூன்று சிறிய பூ, மேலிதழ் கருஞ்சிவப்பு, பக்க இதழ்கள் ஊதா. ஆனால் மணம் அபாரம். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட ஒன்றரை நூற்றாண்டு, அதை வளர்த்தவர்கள் வளர்த்ததே மணத்துக்காகத்தான். நிறங்களும் விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

அதில் ஒன்று ‘பெயின்டட் லேடி’, இளஞ்சிவப்பும் வெள்ளையும் கலந்தது. இந்த ரகத்துக்கு இலங்கையோடு ஒரு விசித்திரமான முடிச்சு போட்டிருந்தார்கள். செடிகளுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் 1753-ல் இந்தச் செடிக்குப் பெயர் வைத்தபோது, ஒரு வகையைச் சிசிலி வகை என்றும் மற்றதை இலங்கை வகை என்றும் எழுதினார். வெள்ளையும் சிவப்புமான பூ இலங்கையிலிருந்து வந்தது என்ற நம்பிக்கை ஐரோப்பியத் தோட்டக்காரர்களிடம் நெடுநாள் இருந்தது. இலங்கையில் இந்தச் செடி காட்டில் எங்கும் வளரவில்லை. நுவரெலியாத் தோட்டங்களில் இன்று காண்பதெல்லாம் ஐரோப்பிய விதையின் வழிவந்தது. சிசிலிச் செடியில் ஏற்பட்ட நிற மாற்றம்தான் பெயின்டட் லேடி என்பதே இன்று பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். 1730களிலேயே தோட்டங்களில் இருந்த அந்த ரகம் இன்றும் விதையாகக் கிடைக்கிறது, மணத்தில் முதல் வரிசையில் நிற்கிறது.

பெரிய மாற்றம் ஹென்றி எக்ஃபோர்டு என்ற ஸ்காட்லாந்துக்காரரால் வந்தது. 1823-ல் பிறந்தவர், பணக்கார வீடுகளில் தலைமைத் தோட்டக்காரராக இருந்தவர். 1870 வாக்கில் ஸ்வீட் பீயைக் கையில் எடுத்தார். 1888-ல் ஷ்ராப்ஷயரில் உள்ள வெம் என்ற சிற்றூருக்குக் குடிபோய், அங்கேயே 1905-ல் இறக்கும்வரை இந்த ஒரே பூவோடு வாழ்ந்தார். பூவைப் பெரிதாக்கினார், நிறங்களைப் பெருக்கினார், காம்பை நீட்டினார். முக்கியமான விஷயம், மணத்தை விட்டுவிடவில்லை. அவருடைய ரகங்களைக் கிராண்டிஃப்ளோரா என்கிறார்கள். இங்கிலாந்துக்கு இந்தப் பூ வந்து 200 ஆண்டானதை 1900-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் கொண்டாடினார்கள். அந்தக் காட்சிக்கு வந்த 264 ரகங்களில் 115 எக்ஃபோர்டு ஒருவர் கொடுத்தவை. என்னைக் கேட்டால், இந்தப் பூவின் வரலாற்றில் அவருக்கு இணையாக யாரையும் சொல்ல மாட்டேன்.

அடுத்த ஆண்டே நிலைமை மாறியது. நார்த்தாம்டன்ஷயரில் ஆல்தார்ப் மாளிகை, அதாவது பிற்காலத்தில் இளவரசி டயானா பிறந்த ஸ்பென்சர் குடும்பத்தின் வீடு. அங்கே தலைமைத் தோட்டக்காரர் சைலஸ் கோல் 1901-ல் ஒரு புதிய பூவைக் காட்சிக்கு வைத்தார். எக்ஃபோர்டின் ‘ப்ரிமா டோனா’ ரகத்திலிருந்து வந்த செடி. இதழ் பெரிது, ஓரமெல்லாம் அலை அலையாகச் சுருண்டு ஒரு பாவாடை விளிம்பு போல இருந்தது. ‘கவுன்டஸ் ஸ்பென்சர்’ என்று எஜமானியின் பெயரை வைத்தார். அதே சமயத்தில் கேம்பிரிட்ஜ் பக்கம் ஹிஸ்டன் என்ற ஊரில் மளிகைக் கடை வைத்திருந்த டபிள்யூ. ஜே. அன்வின் தோட்டத்திலும் இதே மாதிரி அலையிதழ் தோன்றியது. அவர் மகள் பெயரை வைத்தார், ‘கிளாடிஸ் அன்வின்’. பார்த்தவர்கள் மயங்கிப்போனார்கள். பழைய தட்டை இதழ் ரகங்கள் கொஞ்ச காலத்திலேயே பட்டியல்களிலிருந்து மறையத் தொடங்கின.

அந்தக் காலத்து மோகம் எவ்வளவு என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1911-ல் டெய்லி மெயில் பத்திரிகை ஸ்வீட் பீ போட்டி ஒன்று வைத்தது. சிறந்த ஒரு கொத்துக்கு 1,000 பவுண்டு பரிசு. அந்தக் காலத்தில் ஒரு தொழிலாளியின் பல ஆண்டுச் சம்பளம் அது. தபாலில் 30,000-க்கும் மேற்பட்ட கொத்துகள் வந்து குவிந்தன. முதல் பரிசு ஸ்காட்லாந்தில் ஸ்ப்ரோஸ்டன் என்ற கிராமத்துப் பாதிரியாரின் மனைவி திருமதி ஃபிரேசருக்கு. மூன்றாம் பரிசு அந்தப் பாதிரியாருக்கே.

இப்படிப் போட்டி மேடை ஏறிய பூவில் நடுவர்கள் பார்த்தது தண்டின் நீளம், ஒரு காம்பில் எத்தனை பூ, அவை எவ்வளவு ஒழுங்காக அடுக்கியிருக்கின்றன, இதழில் எத்தனை அலை என்பதைத்தான். முகர்ந்து பார்த்து மதிப்பெண் போடுவது பின்னுக்குப் போனது. விதை எடுப்பவர்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறார்களோ அதுதான் அடுத்த தலைமுறையில் நிற்கும். மணத்தை யாரும் தேர்ந்தெடுக்காத இடத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. ஸ்பென்சர் எல்லாமே மணமற்றவை என்று நான் சொல்லவில்லை, நல்ல மணமுள்ளவை அதில் பல உண்டு. ஆனால் ‘கலவை’ என்று விற்கும் பொட்டலத்தில் நிறத்துக்காகச் சேர்த்தவைதான் அதிகம் இருக்கும். உங்கள் மகள் வீட்டில் மணந்தது வேறு ரகமாகத்தான் இருக்க வேண்டும். அதன் பெயரைக் கேட்டு வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மணத்துக்காக நான் தேர்ந்தெடுப்பவை இவை. ‘குப்பானி’ என்ற பெயரிலும் ‘மடுகானா’ என்ற பெயரிலும் விற்கும் கருஞ்சிவப்பு ஊதா இருநிறப் பூக்கள், பழைய சிசிலிப் பூவுக்கு மிக நெருக்கமானவை. மடுகானாதான் மணத்தில் உச்சம் என்று பலர் சொல்வார்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் பெயின்டட் லேடி. பழைய கிராண்டிஃப்ளோராக்களில் 1898-ன் ‘பிளாக் நைட்’ ஆழ்ந்த மெரூன், 1907-ன் ‘லார்டு நெல்சன்’ கருநீலம். இவற்றின் பூ சிறியது, காம்பும் குட்டை. ஆனால் ஒரு டம்ளரில் பத்துக் காம்பு வைத்தால் போதும். இந்த மணத்தில் லினலூல், ஓசிமீன், ஜெரானியால் போன்ற பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. லினலூல் நம் மல்லிகையிலும் உண்டு. அதனால்தானோ என்னவோ, மல்லிகை பழகிய மூக்குக்கு இந்த மணம் உடனே பிடித்துவிடுகிறது. ஆனால் இதில் மல்லிகையின் கனம் கிடையாது. தேனும் ஆரஞ்சுப் பூவும் கலந்தாற்போல் லேசாக வரும். இந்தப் பூவிலிருந்து வாசனை எண்ணெய் எடுக்கும் தொழில் வளரவில்லை. வாசனைத் திரவியக் கடையில் ஸ்வீட் பீ என்று இருப்பதெல்லாம் வேறு பொருள்களைக் கலந்து உருவாக்கியது. நிஜ மணம் வேண்டுமென்றால் செடி வளர்ப்பதுதான் வழி.

மஞ்சள் ஸ்வீட் பீ இருக்கிறதா என்று சிலர் கேட்பார்கள். வெளிர்க் கிரீம் உண்டு, நல்ல மஞ்சள் இன்னும் தோட்டத்துக்கு வரவில்லை. 1987-ல் துருக்கியில் அன்டால்யாப் பக்கம் மஞ்சளும் சிவப்பும் கலந்த லத்திரஸ் பெலினென்சிஸ் என்ற சொந்தக்காரச் செடியைக் கண்டுபிடித்தார்கள். நியூசிலாந்தின் கீத் ஹாமெட் அதை ஸ்வீட் பீயோடு கலந்து, புதிய நிறச் சேர்க்கைகளைக் கொண்டுவந்திருக்கிறார். மஞ்சள் என்று படம் போட்டு விற்கும் பொட்டலத்தை மட்டும் நம்பாதீர்கள்.

நல்ல ரகம் ஒருமுறை கைக்கு வந்துவிட்டால், மறுபடி வாங்க வேண்டியதில்லை. காரணத்தைப் பூவைப் பிரித்தே பார்த்துவிடலாம். நாளை விரியப்போகும் ஒரு மொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு பெரிய கொடியிதழ், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறகிதழ், நடுவே இரண்டு இதழ் ஒட்டிப் படகு மாதிரி மூடியிருக்கும். அந்தப் படகை நகத்தால் மெல்லக் கிழித்தால் உள்ளே பத்து மகரந்தத் தாள்கள். ஒன்பது ஒரே உறையாகச் சேர்ந்திருக்கும், பத்தாவது தனியாக நிற்கும். பூ இன்னும் விரியவே இல்லை, ஆனால் பொடி ஏற்கெனவே உதிர்ந்து சூல்முடியில் ஒட்டியிருக்கும். வண்டு வருவதற்கு முன்பே உள்ளேயே சேர்க்கை முடிந்துவிடுகிறது. அதனால் மடுகானாவின் விதை மடுகானாவாகவே வரும், பக்கத்தில் வேறு ரகம் இருந்தாலும் கலப்பது அரிது.

மரபியலுக்கு இந்தச் செடி உதவியதும் இந்தக் குணத்தால்தான். கேம்பிரிட்ஜில் வில்லியம் பேட்சன், எடித் ரெபேக்கா சான்டர்ஸ், ரெஜினால்டு பன்னெட் மூவரும் ஸ்வீட் பீயை வைத்துப் பரிசோதனை செய்தார்கள். ‘எமிலி ஹென்டர்சன்’ என்ற வெள்ளை ரகத்தில் இரண்டு வரிசைகள். ஒன்றில் மகரந்தப் பொடி நீளம், மற்றதில் உருண்டை. வெள்ளையோடு வெள்ளையைக் கலந்தார்கள். பிறந்ததெல்லாம் ஊதா! சிசிலிக் காட்டுப்பூவின் நிறம் திரும்பி வந்துவிட்டது. நிறம் வர இரண்டு மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், ஒவ்வொரு வெள்ளையிலும் வேறு வேறு ஒன்று கெட்டிருந்தது என்பதுதான் விளக்கம். அடுத்த தலைமுறையில் 9-க்கு 7 என்ற கணக்கில் நிறமும் வெள்ளையும் பிரிந்தன.

1905 வாக்கில் இன்னொன்று கண்டார்கள். ஊதாப் பூவும் நீளப் பொடியும் உள்ள செடியை, சிவப்புப் பூவும் உருண்டைப் பொடியும் உள்ள செடியோடு கலந்து, இரண்டாம் தலைமுறையில் எண்ணினார்கள். குணங்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியாகப் பிரியும் என்ற மெண்டல் விதிப்படி 9:3:3:1 வந்திருக்க வேண்டும். வந்தது, எண்ணிய 6,952 செடிகளில், ஊதா நீளம் 4,831, ஊதா உருண்டை 390, சிவப்பு நீளம் 393, சிவப்பு உருண்டை 1,338. பெற்றோரிடம் சேர்ந்திருந்த குணங்கள் பிள்ளைகளிடமும் சேர்ந்தே வர விரும்பின. அந்த இரண்டு மரபணுக்களும் ஒரே குரோமோசோமில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால்தான் இப்படி என்ற விளக்கம் சில ஆண்டு கழித்து, தாமஸ் ஹன்ட் மார்கன் பழ ஈக்களில் செய்த ஆய்விலிருந்து கிடைத்தது. பிளஸ் டூ தாவரவியலில் பிணைப்பு என்ற பாடத்தைப் படித்தவர்களுக்கு இது ஞாபகம் வரும். பாடத்தில் வரும் அந்தச் செடிதான் உங்கள் வேலியில் படர்ந்திருப்பது.

இனி அடுத்த பருவத்துக்கு என்ன செய்வது என்று பார்ப்போம்.

மணமுள்ள பழைய ரகங்களும் கோடைக்காலக் கூட்டம்தான். ஆகவே அவற்றைக் கோத்தகிரியில் டிசம்பர் கடைசி வாரத்திலோ ஜனவரி முதலிலோ விதையுங்கள். மழை ஓய்ந்திருக்கும். செடி மூன்று மாதம் குளிரில் வேர் பிடித்து, பகல் நீளும்போது பூக்கத் தயாராக இருக்கும். ஏப்ரல், மே இரண்டு மாதமும் பூ எடுக்கலாம். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்றும் மழையும் வந்தால் முடிந்தது. ஊட்டிப் பள்ளத்தாக்குகளில் ஜனவரியில் உறைபனி விழும். அங்கே இருப்பவர்கள் தொட்டியில் முளைக்கவைத்து பிப்ரவரியில் நடுவது நல்லது. டிசம்பர், ஜனவரியிலேயே பூ வேண்டும் என்று ஆசைப்பட்டால் ரகத்தை மாற்ற வேண்டும். ‘வின்டர் எலிகன்ஸ்’, ‘மம்மூத்’ போன்ற முன்பூக்கும் வரிசைகளைத் தேடுங்கள். வெட்டுப்பூ வியாபாரத்துக்காக வந்தவை, மணம் நடுத்தரம், ஆனால் நம் குட்டைப் பகலிலேயே பூக்கும். இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து விதை கொண்டுவர இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். மகள் அடுத்த முறை வரும்முன் அதை விசாரித்துக்கொள்ளட்டும். அல்லது இங்கேயே விதைக் கடைகளில் ரகத்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

விதை. முதல் நாள் இரவு ஊறவையுங்கள். காலையில் சில உப்பியிருக்கும், சில கல் மாதிரியே கிடக்கும். உப்பாதவற்றின் தோலை மட்டும், விதையின் கண்ணுக்கு எதிர்ப்பக்கத்தில், நகவெட்டியால் ஒரு சின்னக் கீறல் போட்டு மறுபடி சில மணி நேரம் ஊறவைத்தால் போதும். கறுப்பு விதைக்குத்தான் இந்தப் பாடு. வெள்ளை, வெளிர் பூக்களின் விதை சிலவற்றில் தோல் மெல்லியதாக, வெளிறிப்போய் இருக்கும். அவற்றை ஊறவைக்கவே வேண்டாம், ஈரம் குறைந்த மண்ணில் அப்படியே போடுங்கள். இரண்டு சென்டிமீட்டர் ஆழம். இந்தச் செடிக்கு வேர் நேராக ஆழமாகப் போகும், அதைக் கலைத்தால் பிடிக்காது. அதனால் அகலத் தட்டில் போடாமல், செய்தித்தாளைச் சுருட்டிச் செய்த ஒரு சாண் உயரக் குழலில் மண் நிரப்பி, குழலோடு நட்டுவிடுங்கள். எலிக்கு இந்த விதை மேல் அடங்காத ஆசை. முளைக்கும்வரை வலை போட்டு மூடாவிட்டால் ஒன்றும் மிஞ்சாது.

மண்தான் நீலகிரியில் பெரிய விஷயம். தேயிலைக்கு ஏற்ற மண் ஸ்வீட் பீக்கு ஆகாது. நம் மண்ணில் புளிப்பு அதிகம். இந்தச் செடி வந்ததோ சுண்ணாம்புச் சத்துள்ள மத்தியதரைக் கடல் நாட்டிலிருந்து. நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம் டோலமைட் என்ற சுண்ணாம்புத் தூளைத் தூவிக் கிளறிவிடுங்கள். ஒன்றரை அடி ஆழம் பறித்து, மக்கிய தொழு உரம் நிறையப் போடுங்கள். யூரியா பக்கம் போகவே வேண்டாம். வேர் முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும், மேற்கொண்டு போட்டால் இலைதான் வரும். மொட்டு வரும் சமயத்தில் கொஞ்சம் சாம்பல் தூவலாம்.

செடிக்குச் செடி ஒரு சாண் இடைவெளி. இரண்டு மூன்று ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள், அடியிலிருந்து தடித்த கிளைகள் வரும். முதல் தண்டைவிட அவைதான் நன்றாகப் பூக்கும். ஆறடி உயரத்துக்கு மூங்கிலும் வலையும் கட்டிவையுங்கள். இலை நுனியில் இருக்கும் பற்றுக்கம்பி மெல்லியது, தடித்த கட்டையைப் பிடிக்காது, கயிறோ வலையோதான் வேண்டும். வெயில் நன்றாகப் படும் இடம் தேவை. ஆனால் வேர் குளிர்ச்சியாக இருக்க அடியில் காய்ந்த இலையை மூடாக்காகப் போடுங்கள்.

அசுவினியை ஆரம்பத்திலேயே விரலால் நசுக்கித் துடைத்துவிடுங்கள், மீறினால் வேப்பெண்ணெய்க் கரைசல். அது சாறு உறிஞ்சுவதோடு நிற்காமல் வைரஸ் நோயையும் பரப்பும். இலை வரிவரியாக மஞ்சளித்து முறுக்கிக்கொண்ட செடியைப் பிடுங்கி எரித்துவிடுவதே சரி. மே மாதத்தில் அடியிலைகளில் சாம்பல் நோய் வரும், காற்றோட்டம் இருந்தால் தாமதமாக வரும். தொடர்ந்து மூடுபனி இருந்தால் மொட்டு மஞ்சளாகி உதிரும். வானம் தெளிந்ததும் சரியாகிவிடும்.

பூவைப் பறிக்கத் தயங்காதீர்கள். இந்தச் செடி ஓராண்டுச் செடி, காய் முற்றிவிட்டால் தன் வேலை முடிந்தது என்று நின்றுவிடும். இரண்டு நாளுக்கு ஒரு முறை எல்லாக் காம்பையும் வெட்டினால் மறுபடி மறுபடி பூக்கும். அடிப்பூ விரிந்து, நுனிப்பூ மொட்டாக இருக்கும்போது காலையில் வெட்டி, உடனே தண்ணீரில் வையுங்கள். நாலைந்து நாள் இருக்கும். பக்கத்தில் பழுத்த வாழைப்பழத்தை வைக்காதீர்கள். பழம் விடும் எத்திலீன் வாயு இந்தப் பூவைச் சீக்கிரம் வாடச் செய்யும்.

உங்கள் தங்கை மதுரையில் வளர்க்க முடியுமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்றே சொல்வேன். இரவில் குளிர்ச்சி இல்லாத இடத்தில் காம்பு குட்டையாகி, மொட்டு உதிர்ந்து, செடி சோர்ந்துவிடும். ஏமாற்றம்தான் மிஞ்சும். பெங்களூர், ஓசூர்ப் பக்கம் இருப்பவர்கள் முன்பூக்கும் ரகங்களை மழை விட்ட பிறகு விதைத்துப் பார்க்கலாம்.

இப்போது உங்கள் வேலியில் பிடித்திருக்கும் காய்களை விதைக்கு எடுக்காதீர்கள். மணமில்லாத ரகத்துக்கு ஓர் ஆண்டை மறுபடி செலவு செய்ய வேண்டாம். ஒரு கொடியில் மட்டும் மணம் தெரிந்ததாக இருந்தால் அந்தக் கொடிக்கு ஒரு நூல் கட்டி, அதன் காய் பழுப்பாகி முறுகும்வரை விடுங்கள். வெடித்தால் விதை தெறித்துவிடும், அதற்கு முன் பறித்து, நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு, நிறத்தையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் இரண்டு மூன்று ஆண்டு முளைப்புத்திறன் போகாது. பிள்ளைகள் கைக்கு எட்டாத இடமாக இருக்கட்டும்.